ஐந்தில் மூன்று

ஐந்து கணினிகளுக்கும் ஏரிகளின் பெயர் வைத்தாள் சைத்ரா:
அகரா, ஹெப்பாள், அல்சூர், மடிவாளா, சாங்கி.
பெள்ளந்தூர் வேண்டாம் என்றேன்,
அது தீப்பிடித்த ஏரி.
தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று பார்க்கத்தானே
வாங்கியிருக்கிறோம், என்றாள்.
ஆனாலும் வைக்கவில்லை.

மகாதேவபுராவில் ஆறாவது மாடி. இரவு ஒன்றரை.
நான்கு நாளாக இதுதான் வேலை:
ஒரு தரவுத்தளத்தை ஏற்றி
நொடிக்கு எண்ணூறு வரவு எழுதச் சொல்லி
எழுதிக்கொண்டிருக்கும்போதே
ஒரு கணினியைக் கொல்வது.

விற்க வந்தவர்கள் ஆளாளுக்கு
ஒன்பதுகளைக் கொண்டுவந்தார்கள்.
தொண்ணூற்றொன்பது, புள்ளி, பிறகும் ஒன்பது, ஒன்பது, ஒன்பது.
நூறுக்குக் குறைகிற அந்தத் துளிக்குள்தான்
ஜூலையில் அது நடந்தது.

நாங்கள் கணக்கு வைப்பது ரத்தத்துக்கு.
இருபத்துமூன்று ரத்த வங்கி;
எந்தப் பை எங்கே, யாருக்கு.
அன்றைய மழையில் எங்கோ சாலை தோண்டியவன்
கேபிளையும் தோண்டினான்.
இரண்டு கணினிகள்
ஒன்று செத்ததாக மற்றது நினைத்து
இரண்டும் தலைமை ஏற்றன.
ஓ நெகட்டிவ். இருந்தது ஒரே பை.
ஜெயநகருக்குத் தருவதாக ஒன்று சொன்னது,
எலஹங்காவுக்கு மற்றது.
இரண்டும் பொய் சொல்லவில்லை.
இதை மட்டும் இன்றுவரை
என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை.
எலஹங்காவுக்கு வேறொரு பை போய்ச் சேர
ஐம்பது நிமிடம் ஆயிற்று.
போய்ச் சேர்ந்ததே, என்றார் போபண்ணா.
ஆமாம், சேர்ந்தது.

முதலாவது தரவுத்தளம் வேகம்.
கொன்ற பிறகும் அதே வேகம்.
எழுப்பிப் பார்த்தால் நாற்பத்தொரு வரவைக் காணோம்.
எழுதிவிட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டு
அப்புறம் எழுதுகிற ரகம்.

அடுத்ததில்
ஒரு கணினியின் கடிகாரத்தை மூன்று நொடி முன்னால் தள்ளினேன்.
பழையதைப் புதியது என்று நம்பி
புதியதை அழித்தது,
ஒரு இருமல்கூட இல்லாமல்.

மூன்றாவது மெதுவானது.
அதன் விலைப்பட்டியலில் படமே கிடையாது.
அகராவைக் கொன்றேன்.
கொஞ்சம் திணறி, மிச்ச நாலும் தேர்தல் வைத்து
ஹெப்பாளைத் தலைவராக்கின.
ஹெப்பாளைக் கொன்றேன். மடிவாளா வந்தது.
அல்சூரின் கேபிளைப் பிடுங்கினேன்.
இரண்டு மிச்சம்.

எழுது என்றேன்.
எழுத மாட்டேன் என்றது.
எழுது.
நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம், எழுத மாட்டேன்.

போன ஞாயிறு எங்கள் குடியிருப்புச் சங்கத்தில்
தண்ணீர் லாரிக்கு யார் எவ்வளவு என்று பேசக் கூடினோம்.
கோரம் சேரவில்லை.
அரை மணி காத்திருந்து, இருந்த பிஸ்கட்டைத் தின்றோம்.
வந்த ஒன்பது பேரே முடிவெடுத்தால் என்ன என்று
கேட்டது நான்தான்.
செயலாளர் வேதவல்லி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
பதிவேட்டில் எழுதினார்: கூட்டம் நடக்கவில்லை.
தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார்.
வீட்டுக்கு வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

போபண்ணா அழைத்தார். எது?
மூன்றாவது.
அது நின்றுபோயிற்றாமே?
நின்றது சார். நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு நின்றது.
அவர் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
விலை?
சொன்னேன். மறுபடியும் மின்விசிறி.

சைத்ரா மேசைமேல் தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.
பிடுங்கிய கேபிள் இன்னும் என் கையில்.
சொருகினேன்.
அல்சூர் விழித்தது.
தான் இல்லாதபோது என்ன நடந்தது என்று
மற்ற இரண்டிடமும் கேட்டு
வரி வரியாக எழுதிக்கொண்டது.
மூன்றானதும்
யாரும் சொல்லாமலே வேலை தொடங்கியது.

ஏழு லட்சத்துப் பதினாறாயிரத்து நாலு வரவு.
எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை.
வெளிவட்டச் சாலையில்
முதல் பால் வண்டி போகிற சத்தம்.
இன்னொரு முறை எண்ணினேன்.